அழித்த படங்களில் ஒரு கை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கிரேக்க நாட்டின் கவாலா துறைமுகத்தில், நான் வேலை பார்த்த அலுவலகத்தில், எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். இன்றும் நினைத்தால் சாப்பாடு இறங்குவதில்லை.

எங்களுடையது கப்பல் சரக்குக் காப்பீட்டு அலுவலகம். எனக்குக் கிடைத்த கம்ப்யூட்டர் அனெஸ்திஸ் என்ற பழைய குமாஸ்தாவுடையது. அவர் மாரடைப்பில் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. விரலை நாக்கில் நனைத்துத்தான் காகிதம் புரட்டுவார். அதே விரலால் ஆலிவ் காயை எடுத்துத் தின்பார். அதே விரலால் மௌஸைப் பிடிப்பார். நம் தோளைத் தட்டுவதும் அதே கைதான். அவர் மௌஸில் பழுப்புப் பிசுக்கு அப்பிக் கிடந்தது. ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அந்த ஜூலையில் ஹார்ட் டிஸ்க் நிரம்பிக் கம்ப்யூட்டர் நகரவே இல்லை. டிஸ்க்கைச் சுத்தம் செய்ய அட்மின் உரிமை வேண்டும். எங்கள் அட்மின் த்ராசோஸ் எப்போது கூப்பிட்டாலும் காபிக் கடையில்தான் இருப்பான்.

“உன் டிஸ்க்கை நீயே கழுவிக்கோ, எவான்தியா. அந்த உரிமையை எல்லாருக்கும் திறந்து விட்டுட்டேன்” என்றான் போனில்.

“ஏதாவது ஆச்சுன்னா?”

“ஒண்ணும் ஆகாது. பழசா அழிச்சது சில சமயம் மேல வரும். நோண்டாம மூடிடு.”

“உன் சோம்பேறித்தனத்துக்கு நான் குப்பை அள்ளணுமா?”

சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டான்.

மதியம் இரண்டரை. வெயிலுக்குக் கடையெல்லாம் அடைத்து ஊரே தூங்கும் நேரம். அலுவலகத்தில் நான் மட்டும். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, சுத்தம் செய்யும் புரோகிராமை ஓட்டினேன்.

டிஸ்க் சுழன்றது. க்ர்ர்… க்ர்ர்… அப்புறம் வேறொரு சத்தம். ச்ளப். ஈர நாக்கு விரலைத் தொடும் சத்தம். க்ர்ர்… ச்ளப்… கூடவே ஒரு வாடை. பல் விளக்காத வாயும் ஆலிவ் காய் ஊறிய உப்புத் தண்ணீரும் கலந்த வாடை.

அழித்த கோப்புகள் திரையில் ஏறத் தொடங்கின. எல்லாம் படங்கள். நான் நோண்டியிருக்கக் கூடாது. ஒன்றைத் திறந்தேன்.

ஸ்கேனர் கண்ணாடியில் அழுத்திய உள்ளங்கை. வலது கை. ஊதிப்போய், பளபளவென்று, விரலிடுக்கில் முடி ஒட்டிக்கொண்டு… அடுத்த படமும் அதே கை. அதற்கடுத்ததும்.

தேதிகளைப் பார்த்தேன். அவர் செத்த வருடம். அதற்கடுத்த வருடம். போன வாரம்.

கடைசிப் படம் இன்று. மணி 2.51.

சுவர்க் கடிகாரத்திலும் 2.51.

முதுகுக்குப் பின்னால் ஸ்கேனர் உறுமியது. வெளிச்சம் சுவரில் ஊர்ந்தது.

திரும்பினேன். யாரும் இல்லை. மூடி மட்டும் திறந்திருந்தது. கண்ணாடியில் ஐந்து விரல் தடம். அதிலிருந்து எச்சில் நூலாக வழிந்தது.

கம்ப்யூட்டரின் மின்கம்பியைப் பிடுங்கினேன்.

டிஸ்க் நிற்கவில்லை.

ச்ளப்.

என் தோளில்… ஈரம்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. மாடிப்படியிலேயே வாந்தி எடுத்தேன். சாயங்காலம் த்ராசோஸ் வந்து பார்த்தபோது டிஸ்க்கில் ஒரு படமும் இல்லை. என் சட்டைத் தோளில் இருந்த பழுப்புக் கறையைப் பார்த்தான். உடனே உட்கார்ந்து எல்லாருடைய அட்மின் உரிமையையும் பறித்தான்.

இரண்டு நாள் கழித்து ரொட்டிக் கடையில் அனெஸ்திஸின் அக்கா மரியான்தியைப் பார்த்தேன். கறுப்பு உடையில் இருந்தாள்.

“திங்கக்கிழமை காலையில தம்பியோட எலும்பை எடுத்தோம்மா. மூணு வருஷம் ஆனா குழியைக் காலி பண்ணிடணும், இடுகாட்டுல அடுத்தவங்களுக்கு இடம் வேணுமாம்.”

எனக்கு நடந்ததும் அதே திங்கட்கிழமைதான்.

“வழக்கப்படி ஒயின்ல கழுவினோம். எல்லாம் வெள்ளை வெளேர்னு எலும்புதான். வலது கை மட்டும்…”

“மட்டும்?”

அவள் என் காதருகே குனிந்தாள்.

“மணிக்கட்டுக்குக் கீழ சதை அப்படியே இருந்துச்சு. தொட்டுப் பார்த்தேன்… சூடா இருந்துச்சும்மா.”