போர்த்துக்கல்லில் ஒரு ஞானத்தகப்பன்

எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயைச் சித்தப்பா வேண்டுமென்றேதான் உடைத்தார். அது தானாகக் கழன்றது என்று அவர் அம்மாவிடம் சத்தியம் செய்தபோது நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அதற்காக எனக்கு முன்கூட்டியே ஒரு பெரிய சொக்லேட் தரப்பட்டிருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. லஞ்சம் வாங்கிய குற்றவுணர்வு கொஞ்சமும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

அது இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு. லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு கடைக்கு மேலே இருந்த வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா என நான்கு பேர் இருந்தோம். எங்கள் குடும்பப் பெயர் பின்டோ. யாழ்ப்பாணக் கரையோரத்துக் கத்தோலிக்கரிடையே இப்படிப் போர்த்துக்கீசப் பெயர்கள் இருப்பதை ஊரில் யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. லண்டனில்தான், வகுப்புக்கு வரும் ஒவ்வொரு புது ஆசிரியையும் பின்டோ என்று கூப்பிட்டுவிட்டு, எழுந்து நின்ற என்னைப் பார்த்து, மறுபடியும் பெயர்ப் பட்டியலைப் பார்ப்பார்.

சித்தப்பாவுக்கு இந்தப் பெயரில் அளவு கடந்த பெருமை. எங்கள் மூதாதை ஒரு போர்த்துக்கீசக் கப்பல் தலைவன் என்பது அவருடைய கட்சி. அதற்கு அவருடைய மூக்குத்தான் ஆதாரம். சந்தேகப்படுகிறவர்களுக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்று காட்டுவார். அதே வயிற்றில் பிறந்த அப்பாவின் மூக்கு ஏன் சப்பையாக இருக்கிறது என்று அம்மா கேட்டால் மட்டும் காது கேட்காதவர் போல எழுந்து போய்விடுவார்.

ஆனால் அந்த வருடம் அவர் பெருமையை வைத்துக்கொண்டு பிழைக்கிற நிலையில் இல்லை. அவருடைய அகதி விண்ணப்பத்தை இரண்டு தடவை நிராகரித்துவிட்டார்கள். கடைசியாக ஒரு அப்பீல் மட்டும் மிச்சம் இருந்தது. அதுவும் தவறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழுப்பு உறையில் கடிதம் வந்தால் அம்மா அதை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்து, சித்தப்பா சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் எடுத்துக் கொடுப்பார்.

இந்த நேரம் பார்த்து எங்கள் பள்ளிக்கூடத்தில், அவரவர் குடும்பப் பெயரின் பொருளையும் வரலாற்றையும் எழுதி வரச் சொன்னார்கள். பேக்கர், டெய்லர் என்று தொழிலையே பெயராக வைத்திருந்த பிள்ளைகள் இருந்த இடத்திலேயே எழுதி முடித்துவிட்டு விளையாடப் போனார்கள். நான் சித்தப்பாவிடம் கேட்டேன். கப்பல் தலைவன் என்று எழுதும்படி சொன்னார். எதற்கும் பார்த்துவிடலாம் என்று சனிக்கிழமை இரண்டு பேரும் நூலகத்துக்குப் போனோம். தலையணை மாதிரி ஒரு பெயர் அகராதி இருந்தது. பின்டோ என்பது உடம்பில் புள்ளி விழுந்தவனுக்கு வைத்த பட்டப்பெயராக இருக்கலாம் என்றும், போர்த்துக்கீச மொழியில் அதற்குக் கோழிக்குஞ்சு என்றும் பொருள் உண்டு என்றும் அதில் போட்டிருந்தது. நான் அதைத் தமிழில் சொன்னதும் சித்தப்பா புத்தகத்தை மூடி, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுதியது வெள்ளைக்காரன், அவனுக்குப் போர்த்துக்கீசனைக் கண்டால் எரிச்சல் என்று தீர்ப்புச் சொன்னார்.

அன்று பின்னேரம் அப்பா கப்பல் தலைவனையும் மூழ்கடித்தார். அந்தக் காலத்தில் கத்தோலிக்க வேதத்துக்கு வந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஒரு போர்த்துக்கீசன் ஞானத்தகப்பனாக நிற்பானாம். அவனுடைய பெயரையே இவர்களுக்கும் வைத்துவிடுவார்களாம். ஒரு தெருவுக்கே ஒருவன் நின்றிருந்தால், காலையில் தமிழ்ப் பெயரோடு கோயிலுக்குப் போன தெரு முழுவதும் மத்தியானம் பின்டோவாக வீட்டுக்கு வந்திருக்கும். இதில் இரத்தமும் இல்லை, மூக்கும் இல்லை என்று அப்பா முடித்தார்.

சித்தப்பா இடிந்து போவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மூக்கைத் தடவிவிட்டு, "அப்ப அவங்கள் எங்களுக்கு ஞானத்தகப்பன்மார்" என்றார்.

எங்கள் ஆட்களிடம் ஞானத்தகப்பன் என்றால் லேசுப்பட்ட உறவு அல்ல. பிள்ளைக்காகக் கோயிலில் வாக்குக் கொடுத்தவர். பெற்றவன் கைவிட்டாலும் அவர் கைவிடக் கூடாது. சித்தப்பாவின் புதிய கட்சி இதுதான்: பின்டோக்கள் நானூறு வருடங்களுக்கு முன்னர் எங்களைப் பொறுப்பெடுத்தார்கள், அதற்குப் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது ஒரே ஒரு பின்டோ முன்வந்து, இவன் எங்கள் குடும்பத்துப் பிள்ளை என்று ஒரு கடிதம் கொடுத்தால் நீதிபதி யோசிக்கத்தானே வேண்டும். அந்தக் கடிதத்தைப் பார்த்து நீதிபதி சிரிப்பார் என்றார் அப்பா.

"சிரிச்சால் நல்லதுதானே அண்ணை. இவ்வளவு நாளும் என்ரை பேப்பரைப் பாத்து ஒருத்தரும் சிரிக்கேல்லை."

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு வெள்ளை வான் நின்றது. அதன் பக்கத்தில் பெரிய நீல எழுத்தில் பின்டோ என்றும், கீழே குழாய் வேலை, பாய்லர் வேலை என்றும் எழுதி ஒரு தொலைபேசி எண் போட்டிருந்தது. சித்தப்பா வீதி என்றும் பாராமல் சிலுவை போட்டுக்கொண்டார். எண்ணை என் உள்ளங்கையில் எழுத வைத்து, வீட்டுக்கு வரும்வரை அந்தக் கையால் எதையும் தொட விடவில்லை. மறுநாள் குழாய் உடைந்தது.

வந்த பின்டோ குட்டையான, தடித்த மனிதர். அவருடைய மூக்கு அப்பாவுடையதைவிடச் சப்பை. சித்தப்பா அதைக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார். பூசைக்குப் போடும் கோட்டும் டையும் அணிந்து, கணுக்கால்வரை தண்ணீர் நின்ற சமையலறையில் அவர் வரவேற்பு நடத்தினார். அம்மா துவாயால் தண்ணீரை ஒற்றிப் பிழிந்தபடி ஒருமுறை அவரையும் ஒருமுறை என்னையும் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

பின்டோ பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே மல்லாந்து படுத்து வேலையைத் தொடங்கினார். கால்கள் மட்டுந்தான் வெளியே தெரிந்தன. சித்தப்பா அந்தக் கால்களைப் பார்த்துத் தன் உரையை ஆரம்பித்தார். நான் வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னேன். வீட்டிலேயே என் ஆங்கிலம்தான் திறம் என்பதில் எனக்குத் தலைகால் தெரியாத கர்வம். உங்கள் குடும்பம் எங்களுக்கு ஞானத்தகப்பன் முறை, நீங்கள் நானூறு வருடமாக வரவில்லை என்று சித்தப்பா மனவருத்தப்படுகிறார் என்றேன். உள்ளே ஸ்பேனர் திருகும் சத்தம் நின்றது. தனக்கு இன்று காலையில்தான் போன் வந்தது என்று தொட்டிக்குக் கீழிருந்து பதில் வந்தது.

பிறகு அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். சித்தப்பாவின் கோட்டையும் டையையும், கைகட்டி நின்ற விதத்தையும் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது கடைசி அப்பீல் எண்டு சொல்லு பிள்ளை. இல்லாட்டி அனுப்பிப் போடுவாங்கள் எண்டும் சொல்லு."

சொன்னேன். பின்டோ கைகளைத் துணியில் நெடுநேரம் துடைத்தார். தன் நாட்டில் தெருவுக்குத் தெரு பின்டோ இருப்பதாகவும், இல்லாத உறவை இருப்பதாக எழுதினால் அது கேஸைக் கெடுத்துவிடும் என்றும் சொன்னார். எனக்குச் சித்தப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்குப் பிறகு பின்டோ சொன்ன கதை எங்களுக்குச் சம்பந்தமில்லாதது போலப் பட்டதால், சொல்லாமல் விடலாமா என்று யோசித்துவிட்டு, போனால் போகிறது என்று சொன்னேன். தான் என் வயதில் இருந்தபோது தன் அப்பா ஒரு காகிதமும் கையில் இல்லாமல் ஸ்பெயின் மலைகளைத் தாண்டிப் பிரான்சுக்கு நடந்தே போனார் என்றும், போலீஸ் அறியாதிருக்க அவர் காய்ச்சலில் படுத்திருப்பதாகத் தன் அம்மா அயலவர்களிடம் சொல்லி வந்தார் என்றும் பின்டோ சொல்லியிருந்தார்.

சித்தப்பா நிமிர்ந்தார். "எத்தினை நாள் நடந்தவராம்? கேள்."

பதினொரு நாள் என்றார் பின்டோ. சித்தப்பா எனக்காகக் காத்திருக்கவில்லை. தன் நெஞ்சைத் தொட்டு, "மீ, சிக்ஸ்டீன்" என்றார். ஐந்து நாள் வித்தியாசத்தில் எங்கள் பக்கம் வென்றுவிட்டது என்று நான் குதூகலித்தேன். பின்டோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எத்தனை பேராகப் போனீர்கள் என்று கேட்டார். அதையும் உற்சாகமாகத் தமிழில் கேட்டேன்.

சித்தப்பா டையைக் கழற்றி மேசையில் வைத்தார். என்னைப் பார்த்து, "நீ போய் டிவி பார் பிள்ளை. இனி அண்ணி சொல்லுவா" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அம்மாவின் ஆங்கிலம் கடைக்கும் டாக்டருக்கும் மட்டுமே போதுமானது. அவரைத் துவாயும் கையுமாக உட்கார்த்திவிட்டு, இவ்வளவு நேரம் சபையை நடத்திய என்னை வெளியே அனுப்பிக் கதவையும் சாத்தினார்கள்.

பின்டோ கடிதம் கொடுக்கவில்லை. ஆனால் சமையலறையில் சொன்னதை அப்படியே நீதிபதியிடமும் சொல்ல வேண்டும் என்று சித்தப்பாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டு போனார். அதுவரை சித்தப்பா அதை வக்கீலிடமோ சொந்த அண்ணனிடமோகூடச் சொல்லியிருக்கவில்லையாம். விசாரணை நாளன்று பின்டோ வேலை உடுப்போடு வந்து பின்வரிசையில் இருந்ததாக அப்பா சொன்னார். அப்பீல் வென்றது. எதனால் வென்றது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பல வருடங்கள் கழித்து, அந்த ஒரு மணி நேரம் சித்தப்பா என்னதான் சொன்னார் என்று அம்மாவிடம் கேட்டேன். தப்பி வந்தபோது ஏழு பேர் காட்டுக்குள் போய் நான்கு பேர் வெளியே வந்தார்கள் என்றார். வராத மூன்று பேரில் ஒருவன் சித்தப்பாவின் முதுகில் கடைசி மூச்சுவரை வந்தவன். அவனுக்குப் பதினான்கு வயது.

"பாதிக்கு எனக்கு இங்கிலீஷ் வரேல்லை. ஆனா அந்த மனிசனுக்கு விளங்கினது" என்றார் அம்மா.

நான் அன்றைக்குக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மொழி தெரிந்தவளை விட்டுவிட்டுத் தெரியாதவரைப் பிடித்து வைத்திருக்கிறார்களே, எப்படியும் திரும்ப என்னைத்தான் கூப்பிட வேண்டி வரும் என்று காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கவே வேண்டாம் என்று டிவியின் சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டி வைத்தேன்.