சபை நடுவே சொல்ல எழுந்தேன்

மூன்று வருடங்களுக்கு முன், வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இது நடந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ஜரிகைக் கடையின் மாடியில்தான் எங்கள் சபை கூடும். மின்விசிறிக்குக் கீழே இடம் வேண்டுமென்றால் சீக்கிரமே போய்விட வேண்டும், அவ்வளவு சின்ன ஹால்.

அந்தச் சபையில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. ஜெபிக்கும்போது சில சமயம் யாராவது ஒருவருடைய முகம் மனதில் வந்து நிற்கும். அவருக்கு ஏதோ பாரம் என்று தோன்றும். விசாரித்தால் அப்படியே இருக்கும். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்ததும், "சிஸ்டருக்கு ஆண்டவர் காட்டிக் குடுக்கிறாருப்பா" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

அந்த வாரம் முழுக்க ஒரு சகோதரியின் முகம் என்னை விடவே இல்லை. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவர். கணவர் பட்டுத்தறி நெய்கிறவர், இவர் அவருக்கு நூல் சுற்றிக் கொடுப்பார். முன்பெல்லாம் பாட்டு ஆரம்பித்தால் இரண்டு கைகளையும் தூக்கிக் கண்ணீரோடு பாடுவார். சில மாதங்களாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கை மேலே போவதே இல்லை. திருவிருந்தில் அப்பத் தட்டு வந்தால் தலையைக் குனிந்தபடி பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவார். அவருக்காக ஜெபிக்கும்போதெல்லாம், எதையோ மறைக்கிறார் என்ற ஒரே எண்ணம்தான் எனக்குள் திரும்பத் திரும்ப வந்தது.

அறிக்கை செய்யாத பாவத்தோடு அப்பத்தைத் தொடக்கூடாது என்பது எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரியும். அப்பம் எடுப்பதில்லை, நம் கண்ணைப் பார்ப்பதில்லை, எதையோ மறைக்கிறார். வேறென்னவாக இருக்கும், பாவம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஆராதனை முடியும் நேரத்தில் பாஸ்டர் வழக்கம்போல, "ஆண்டவர் யாருக்காவது எதையாவது உணர்த்தியிருந்தா எழுந்து சொல்லுங்க" என்றார். எழுந்தேன். வார்த்தைகள்கூடத் தயாராக இருந்தன. மறைவான பாவத்தோடு ஒரு சகோதரி இங்கே உட்கார்ந்திருக்கிறார், இன்றைக்கே அதை அறிக்கை செய்யட்டும். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் கடைசி வரிசையைப் பார்த்துச் சொன்னால் யாருக்குத்தான் புரியாது?

வாயைத் திறந்தேன். தெருவில் மேளச் சத்தம் வெடித்தது. பெருமாள் கோயில் உற்சவம், சுவாமி புறப்பாடு எங்கள் தெரு வழியாக வந்துகொண்டிருந்தது. நாதஸ்வரம், தவில், கோவிந்தா கோஷம், ஜன்னல் கதவெல்லாம் அதிர்ந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாஸ்டர் சிரித்துக்கொண்டே, "சாமி போவட்டும், உக்காருங்க சிஸ்டர்" என்று சைகை காட்டினார். கூட்டம் நகர்வதாக இல்லை. கடைசியில் அவர் கைகளை உயர்த்தி ஆசீர்வாத ஜெபம் சொல்லிச் சபையை முடித்துவிட்டார். எனக்கு ஒரே எரிச்சல்.

வண்டியில் வீடு திரும்பும்போது என் கணவரிடம் கொட்டினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "மறைக்குதுன்னு உனக்குத் தோணுச்சு, சரி. பாவம்னு ஆண்டவர் சொன்னாரா, நீயா சேத்துக்கினியா?" என்றார்.

"அப்பம் எடுக்கிறதில்லையே, வேற என்னவாம்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? அந்தப் பொண்ணையே போய்க் கேளேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மத்தியானம் பாத்திரம் கழுவும்போது ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். ஜெபத்தில் வந்தது 'மறைக்கிறார்' என்பது மட்டும்தான். மீதியெல்லாம் என் சரக்கு.

மறுநாள் சாயங்காலம் ஐயம்பேட்டைக்குப் போனேன். உள்ளே அவர் கணவர் தறியில் இருந்தார். அந்தச் சகோதரி என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்து, பின்கட்டுக்குக் கூட்டிப் போனார்.

"ஒரு வாரமா உங்க ஞாபகமாவே இருக்குதும்மா. எதுக்குன்னு எனக்குத் தெரியல. நல்லா இருக்கீங்களா?" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன்.

அவர் சத்தமில்லாமல் அழுதார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துத் தன் அக்குளுக்குக் கீழே, மார்பின் ஓரத்தில் வைத்தார். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி.

"மாசக்கணக்கா இருக்குதுக்கா. கையத் தூக்கினா வலிக்குது. எங்கம்மாவும் இதுலதான் போச்சு."

"வீட்ல சொல்லலையா?"

"எப்படிக்கா சொல்றது? மாமியாரோட சண்ட வந்து வாய்க்கு வந்தபடி சபிச்சுட்டேன். அதுக்கப்புறந்தான் இது வந்துச்சு. ஆண்டவர் தண்டிக்கிறாருன்னு நெனச்சுக்கினு இருக்கேன். அப்பத்தத் தொடவே பயமா இருக்குது. யாராவது சபையில எழுந்து இத சொல்லிடுவாங்களோன்னு வாரா வாரம் நடுங்கிக்கினேதான் வரேன்."

நேற்று நான் பேசியிருந்தால்? அந்தப் பெண் மறுபடி சபைப் படி ஏறியிருக்க மாட்டார். தண்டனை என்று நம்பி, அந்தக் கட்டியை உடம்போடேயே வைத்திருந்திருப்பார்.

"இது தண்டனை இல்லம்மா. டாக்டர் பாக்க வேண்டிய கட்டி" என்றேன். நான் பக்கத்தில் இருக்க, அவரே கணவரிடம் சொன்னார். தறி நின்றது. "எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்த நேரத்துக்கு எந்த டாக்டர் இருப்பார் என்று சொல்லி உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

காலையில் மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி குத்திச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நானும் ஜெபித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நாட்களில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அந்தச் சகோதரி போனில், "அக்கா, உங்களுக்கு ஏதாவது காட்டினாரா?" என்று கேட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடலாமா என்று ஆசையாக இருந்தது. "இல்லம்மா, காட்டல. ஆனா நான் கூட வரேன்" என்றேன்.

முடிவைப் பார்த்த பெண் டாக்டர், "கேன்சர் இல்லம்மா. சாதாரண நார்க்கட்டி. எடுத்துடலாம்" என்றார். அந்தச் சகோதரி அவரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். வெளியே வந்ததும் அவர் கணவர் சுவரில் சாய்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இவரோ, "ரொம்ப பசிக்குதுக்கா. பஜ்ஜி சாப்பிடலாமா?" என்றார். ஆஸ்பத்திரி வாசல் கடையில் நின்றபடியே சாப்பிட்டோம். வாய் சுடச் சுட அவர் சிரித்த சிரிப்பில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்படிக்கா சரியா அன்னிக்கு வந்தீங்க?" என்று அப்போது கேட்டார். "உங்களுக்காக ஜெபிக்கும்போது மனசு பாரமா இருந்துச்சு. அவ்ளோதான் எனக்குத் தெரியும்" என்றேன்.

இன்றும் ஜெபத்தில் யாருடைய முகமாவது வந்து நிற்கத்தான் செய்கிறது. அதை நான் அலட்சியம் செய்வதில்லை. முதலில் அவருக்காக ஜெபிக்கிறேன், பிறகு தனியாகப் போய் நலம் விசாரிக்கிறேன், மற்றதை அவரே சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன். அடுத்தவர் மனதில் இருப்பதையெல்லாம் அறிந்தவளாக நான் இருக்க வேண்டியதில்லை என்பதுதான், என் விசுவாச வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி.