தம்பியின் கப்பலைத் திருப்பாத நாள்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம், புயல் ஓய்ந்த மறுநாள் நடந்தது இது. அப்போது நான் கிழக்குக் கடற்கரையில் ஒரு கடற்படைத் தலைமையகத்தில் வேலை பார்த்தேன். கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில், நான் கப்பல் ஓட்டுகிறேன் என்றே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நானோ ஜன்னல்கூட இல்லாத அறையில், பெரிய வரைபடத்தின் முன் உட்கார்ந்து, எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, அடுத்து எங்கே போகவேண்டும் என்று குறித்துக்கொண்டிருப்பேன். நிஜமாகவே கடலில் கிடந்தவன், அதே கடற்படையில் இருந்த என் தம்பிதான்.

எங்கள் மாவட்டத்திலிருந்து மீன்பிடிக்கப் போன விசைப்படகு ஒன்று புயலில் காணாமல் போயிருந்தது. காற்றும் நீரோட்டமும் அதை எங்கே தள்ளியிருக்கும் என்று கணக்குப் போட்டு, கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு கப்பலை அனுப்பியிருந்தோம். அதில் ஒன்று தம்பியின் கப்பல்.

காலையில் அப்பா போன் செய்தார். எங்களைப் பெற்ற ஆத்தா போய்விட்டாள். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லையாம்.

"நீ கெளம்பி வாப்பா. ஆத்தாவுக்குச் சின்னவன்தான் கொள்ளி வைக்கணும். அவன் எங்க இருக்கான்? நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஐஸ் பெட்டியில வச்சிருக்கலாம்."

எங்கள் பக்கம் அப்பாவுக்கு மூத்த மகன், அம்மாவுக்கு இளைய மகன் கொள்ளி வைப்பதுதான் வழக்கம். தம்பி இருக்கும் இடம் வரைபடத்தில் என் கண்ணெதிரே இருந்தது. ஆனால் கப்பல் நிற்கும் இடத்தைப் பெற்றவரிடம்கூடச் சொல்லக் கூடாது. "கடல்ல இருக்கான்ப்பா, பாக்குறேன்" என்றேன்.

என் மேலதிகாரி நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும், தம்பியின் கப்பல் எப்படியும் எண்ணெய் பிடிக்க இரண்டொரு நாளில் துறைமுகம் வரவேண்டியதுதானே, இப்போதே திருப்பினால் தேடுதல் கெடுமா என்று யோசித்தார். வேறு ஆளைவிட்டுக் கணக்குப் பார்க்கச் சொல்லவா என்றும் கேட்டார். நானே பார்க்கிறேன் என்றேன். ஏதாவது வழி கிடைக்காதா என்ற நப்பாசைதான்.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மாற்றுக் கப்பல் வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். ஒரு பகல் முழுக்க அந்தக் கட்டத்தில் தேட ஆள் இருக்காது. படகில் இருப்பவர்களிடம் குடிக்கத் தண்ணீர் இருக்குமோ இல்லையோ. திருப்ப முடியாது சார் என்று என் வாயாலேயே சொன்னேன். சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன்.

மறுநாள் நான்தான் கொள்ளி வைத்தேன். "இங்கிட்டு பெத்தவ கெடக்கா, ஒரு கப்பலத் திருப்ப முடியலையாக்கும்" என்று சொந்தக்காரர் ஒருவர் முணுமுணுத்தார்.

சுடுகாட்டிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அதிகாரி போன் செய்தார். படகு கிடைத்துவிட்டது, எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் கிடைத்தது தெற்கே வேறொரு கட்டத்தில், வேறொரு கப்பலுக்கு.

கருமாதிக்குத் தம்பி வந்தான். கணக்குப் போட்டு முடியாது என்றது நான்தான் என்று அவனிடம் சொன்னேன்.

"நாங்க தேடுன எடத்துல ஒரு மரக்கட்டகூட இல்லண்ணே."

அங்கே இல்லை என்று உறுதியான பிறகுதான் மற்றக் கப்பல்களைத் தெற்கே திருப்பினார்கள் என்று விளக்கினேன். "புரியுதுண்ணே" என்றான். அவனும் கடற்படைக்காரன், புரியாமல் இருக்காது. ஒன்றுமில்லாத அந்தக் கடலை அவன் தேடியதால்தான் சில வீடுகளுக்கு ஆட்கள் திரும்பினார்கள் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆத்தாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத தம்பியிடம் மட்டும் அதை இன்னொரு முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.