கும்பிட முடியாத பிளேசர்

போன வாரம் துடியலூரிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார்.

"பையனுக்குக் கல்யாணமுங்க. நல்ல பிளேசரா, நாயமான வெலைல எங்கீங்க கெடைக்கும்? நீங்க உங்க பொண்ணு ரிசப்ஷனுக்கு ஒண்ணு போட்டிருந்தீங்களாமா?"

கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம். பக்கத்தில் இன்னொருவரும் சிரிக்கிறார். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள்!

ஆக, செய்தி துடியலூர் வரைக்கும் போய்விட்டது. இனி மறைத்து என்ன பயன்? அடுத்தவர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன். அவர்கள் சொன்னால் இன்னும் இரண்டு கிழிசல் சேர்ந்திருக்கும்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு மகள் சொன்னாள்: "அப்பா, ரிசப்ஷனுக்கு நீங்க பிளேசர் போடறீங்க."

அவள் கேட்கவில்லை. அறிவித்தாள்.

"கண்ணு, இந்த ஒடம்புக்கு வேட்டிதான் கண்ணு அடங்கும்..."

"மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் பிளேசர்ப்பா. நீங்க மட்டும் வேட்டில நின்னா போட்டோல தனியாத் தெரிவீங்க."

தனியாகத் தெரியக் கூடாது என்பது ஐம்பதைத் தாண்டிய ஆணின் ஒரே லட்சியம். ஒப்புக்கொண்டேன்.

நல்ல பிளேசர், நியாயமான விலை. இந்த இரண்டையும் ஒரே கடையில் வைக்கக் கூடாது என்று கோயமுத்தூர் வியாபாரிகள் எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள் போல. மால் கடையில் ஒன்றைத் தொட்டேன். துணி தண்ணீர் மாதிரி வழுக்கியது. விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். வந்த மரியாதையோடு அதை ஹேங்கரில் திரும்ப மாட்டினேன். டெய்லரோ, "முகூர்த்த சீசனுங்க... தை போயி வாங்க" என்றார். கல்யாணமே தையில்தான்!

வாடகைக்கு எடுக்கலாமே? மனைவி கவிதா ஒரே கேள்வியில் முடித்தாள்.

"ஏனுங்க, பந்தியில ஒருத்தரு வந்து, 'இதத்தானுங்க நானும் எம்பட ரிசப்ஷனுக்குப் போட்டிருந்தேன்'னு சொன்னா மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெப்பீங்க?"

சரி, அறிவை வளர்த்துக்கொண்டு இறங்கலாம் என்று வீடியோக்கள் பார்த்தேன். எத்தனை வீடியோ! தோள் தையல் தோள்பட்டையின் முனையில் முடிய வேண்டும். சட்டைக் கை கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். கையால் கசக்கிவிட்டால் துணி தானாக நிமிர வேண்டும். பரீட்சைக்குப் படித்த காலத்தில் இந்த அக்கறை இருந்திருந்தால் இன்று நான் கலெக்டர்.

கடைசியில் அவிநாசி ரோட்டை ஒட்டி ஒரு எக்ஸ்போர்ட் மிச்சக் கடையில் மாட்டியது. கருநீலம். உள்ளே பளபளவென்று லைனிங். விலையைக் கேட்டதும் என் மனசு துள்ளிக் குதித்தது. முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டு இன்னும் குறைக்கச் சொன்னேன். குறைத்தார்! இந்த இடத்திலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா?

"ஒரே பீசுதானுங் சார்" என்றார் விற்பவர். போட்டேன். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு பொத்தானைப் பூட்டினேன். கண்ணாடியில் ஒரு கனவான் நின்றார்.

"முதுகுப் பக்கம் இறுக்கமா இல்லீங்களா?" — கவிதா.

"ஸ்லிம் பிட்டுன்னா அப்படித்தானுங்க இருக்கும்" — கடைக்காரர்.

"கல்யாணத்துக்குள்ள எளச்சுருவேன் அம்மணி" — நான்.

எங்கே இளைப்பது? அடுத்த ஒரு மாதமும் அழைப்பிதழ் வைக்க வீடு வீடாகப் போனோம். நம் பக்கத்தில் ஒரு வீட்டில் அழைப்பு வைத்துவிட்டுச் சும்மா எழுந்து வர முடியுமா? முறுக்கு, மைசூர்பா, காபி. "ஒண்ணுமே எடுத்துக்கலீங்களே!" — இன்னொரு மைசூர்பா. பிளேசர் பீரோவில் அப்படியே இருந்தது. நான்தான் வளர்ந்தேன்.

வீடியோ சொன்ன எல்லாச் சோதனையும் செய்தேன்தான். தோள் சரி, கை சரி, கசக்கல் சரி. ஆனால் அந்த வீடியோக்காரர்கள் எல்லாரும் கை குலுக்குகிற நாட்டுக்காரர்கள். ஒரு கையை முழங்கை வரை நீட்டினால் அவர்களுக்கு வரவேற்பு முடிந்தது. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து, லேசாகக் குனிந்து, "வாங்க வாங்க" என்று சொல்லிப் பார் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? நம் மண்டப வாசலில் பெண்ணைப் பெற்றவனின் வேலையே அதுதானே! சாம்பாரில் உப்பு இல்லையென்றால் நம் சனம் மன்னித்துவிடும். வாசலில் 'வாங்க' சொல்லவில்லையென்றால், பேரன் பேத்தி வரைக்கும் சொத்தோடு சேர்த்து அதையும் எழுதி வைத்துவிட்டுப் போகும்.

இங்கே என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவிதாவின் அண்ணன். பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை. நிச்சயதார்த்தத்துக்கு அவரை நேரில் போய் அழைக்காமல் போனில் சொல்லிவிட்டேன். அவசரம்தான், வேறென்ன? அவர் வரவில்லை. பிறகு தட்டோடு போய், முறுக்கும் மைசூர்பாவும் தின்று, திட்டும் வாங்கி, ஒருவழியாகச் சமாதானம் செய்து வைத்திருந்தோம். ரிசப்ஷனுக்கு மறுநாள் காலை மணமேடையில் தாய்மாமன் சீர் அவர்தான் செய்ய வேண்டும். அவர் இல்லையென்றால், இருக்கிற ஒரே பெண்ணின் கல்யாணத்தில் கவிதா பிறந்த வீட்டுப் பக்கம் ஓர் ஓட்டை. அது வாழ்நாள் முழுக்க அடைபடாது.

ரிசப்ஷன் மாலை. மண்டப வாசலில் தெர்மகோல் வளைவு, அதில் நிறையப் பூ. அதன் கீழே கவிதா, பக்கத்தில் கனவான் நான். முதலில் சம்பந்தி வந்தார். கையைக் கூப்பினேன். குனிந்தேன்.

டர்ர்ர்க்.

"என்னங்க சத்தம்?" என்றாள் கவிதா.

"மைக் செட்டு" என்றேன்.

முதுகில் சிலுசிலுவென்று காற்று வந்தது. ஏசி என்று நினைக்க ஆசைதான். மெதுவாகக் கையைப் பின்னால் விட்டுத் தடவினேன். காலரிலிருந்து இடுப்பு வரைக்கும் நடுத்தையல் வாய் பிளந்து கிடந்தது.

பிளேசரைக் கழற்றிவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் என் இரண்டாவது கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. உள்ளே போட்டிருந்தது பழைய சட்டை. முன்பக்கம் கச்சிதம். முதுகில் மட்டும், எப்போதோ இஸ்திரிப் பெட்டியை வைத்து மறந்ததில், ஒரு முழுப் பெட்டியின் அச்சு பழுப்பாகக் கருகி நின்றது. கோட்டுக்குள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று அதையே போட்டுக்கொண்டு வந்திருந்தேன். மகள் கல்யாணத்துக்கு!

பின்னால் நகர்ந்து வளைவில் முதுகை ஒட்டிக்கொண்டேன், பல்லி மாதிரி. கையைத் தூக்கினால் கிழிசல் இன்னும் இறங்கும். அதனால் இரண்டு கையும் தொடையோடு ஒட்டிக்கொண்டன. வந்தவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். அவர்கள் கும்பிட, நான் ஆட்ட... அவர்கள் கும்பிட, நான் ஆட்ட...

கவிதா சம்பந்தி வீட்டாரை உட்கார வைக்க உள்ளே போயிருந்த நேரத்தில் மச்சான் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் குடும்பம். தூரத்திலேயே கையைத் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு வந்தார். பழைய கோபத்தை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது அந்தக் கையில் தெரிந்தது.

"வாங்க மச்சான்" என்றேன். கை எழவில்லை.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, கோட்டுப் போட்டாக் கை எந்திரிக்காதுங்களா?"

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். எனக்கு ஜோக் வரும். பிறவிக் கோளாறு. வந்தது.

"பாரின் கோட்டுங் மச்சான். கண்டவங்களுக்கெல்லாம் கை தூக்கக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டுத்தான் குடுத்தானுங்க!"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. மச்சானின் கைகள் மெதுவாக இறங்கின. "சரிங்க" என்றார். நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அந்தச் 'சரிங்க'வுக்குப் பதிலாக ஓர் அறை வாங்கிக்கொள்ளலாம்.

கொஞ்ச நேரத்தில் கவிதா ஓடி வந்தாள். கண் நிறைந்திருந்தது.

"அண்ணன் சாப்புட மாட்டேங்குதுங்க. பண்ணையில கோழிக்கு மருந்து வெக்கோணுமாமா, கெளம்பிருச்சு. காலைல வருமான்னு கேட்டேன், பதிலே இல்லீங்க. அப்படி என்னத்தச் சொல்லிப்போட்டீங்க?"

"ஒண்ணுமில்ல, சும்மா ஒரு ஜோக்கு..."

"போயிக் கூப்புடுங்க. போங்க! ஏன் இப்படி வளைவுல ஒட்டிக்கிட்டே நிக்கிறீங்க?"

பக்கத்து வாசலை மேஜை போட்டு அடைத்திருந்தார்கள். பின்பக்கம் கார் நிறுத்தும் இடத்துக்கு மண்டபத்தின் நடுவேதான் போக வேண்டும். இரண்டு பக்கமும் சனம். நான் யோசித்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், யோசித்தேன்! ஒரு பக்கம் மனைவியின் அண்ணன், இன்னொரு பக்கம் என் முதுகு. எதைக் காப்பாற்றுவது என்று நின்று யோசித்தேன். கவிதா தானே போவதற்காகத் திரும்பிச் சேலையைத் தூக்கிச் செருகிய பிறகுதான் என் கால் நகர்ந்தது.

ஓடினேன். பின்னால் ஒரு சிரிப்பு, அப்புறம் பத்து, அப்புறம் மண்டபமே. முதுகைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். நிமிர்ந்தால், மேடைக்குப் பக்கத்தில் பெரிய எல்இடி திரை. மணமகளின் தகப்பன் ஓடுகிறானே, ஏதோ பாசக் காட்சி என்று கேமராக்காரர் என்னை விடாமல் பின்தொடர்ந்திருக்கிறார். திரை முழுக்க என் முதுகு. பிளந்த பிளேசர். நடுவே இஸ்திரிப் பெட்டி.

மச்சான் கார் கதவைத் திறந்துவிட்டிருந்தார். முன்னால் போய் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டேன். மிச்சமிருந்த தையலும் போனது. பிளேசரின் ஒரு கை தோளோடு கழன்று தொங்கியது.

"மச்சான்... சாப்புடாமப் போகாதீங்க."

அவர் என்னை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதுக்கா மாப்ள?"

"ஆமாங்க."

"கிழிஞ்சுபோச்சுன்னு எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க? நானென்ன வேத்தாளா? கிழிஞ்சது தெரியக் கூடாதுன்னு, என்னையக் கண்டவன்னு சொல்லிப்போட்டீங்களே!"

அவர் சொன்னது முழுக்க உண்மை. திமிர் பிடித்தவன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, கிழிந்தவன் என்று தெரிந்துவிடக் கூடாது. அந்த வளைவில் ஒட்டிக்கொண்டு நான் எடுத்த முடிவு அதுதான். முதன்முறையாக ஜோக் வரவில்லை.

அவர் காரின் பின்சீட்டிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து நீட்டினார். காலையில் சீர் செய்யும்போது போடுவதற்காகக் கொண்டுவந்தது.

"இதப் போட்டுட்டு வாங்க. பசிக்குது."

அவருடைய சட்டைக்குள் என்னைப் போல் இரண்டு பேர் குடியிருக்கலாம். அதைப் போட்டுக்கொண்டு மேடைக்குப் போனேன். "கலர் தீமே போச்சுப்பா!" என்றாள் மகள். பந்தியில் மச்சான் இந்தப் பக்கம் ஒருவரை, அந்தப் பக்கம் ஒருவரை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கோட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். கவிதா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலையில் சீர் சிறப்பாக நடந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

இந்த வாரம் போட்டோக்காரர் ஆல்பத்துக்கான படங்களை அனுப்பினார். வாசலில் அவர் ஒருவரையும் விடவில்லை. படம் படமாக, வந்தவர்கள் கை கூப்புகிறார்கள். நான் அட்டென்ஷனில், மோவாயைத் தூக்கிக்கொண்டு, மகாராஜா மாதிரி. கொடுமுடியிலிருந்து என் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர், பஸ் மாறி வந்தவர், மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிடுகிறார். அடுத்த படத்தில் அவர் கை பாதி இறங்கியிருக்கிறது. பார்வை வேறெங்கோ. அதற்கடுத்த படத்தில் அவர் இல்லை.

மச்சானுக்குக் கோபித்துக்கொள்ள உரிமை இருந்தது. கோபித்தார், அதனால் எனக்குத் தெரிந்தது. இவருக்கு?

போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கல்யாணம் நல்லா இருந்துச்சுங்க" என்றார். சாப்பிட்டாரா என்று கேட்டேன். "பஸ்ஸுக்கு நேரமாயிருச்சுங்க" என்றார்.

அவர் ஒருவருக்குப் போன் செய்தாயிற்று. மற்றவர்கள்? யார் யார் என்ன நினைத்துக்கொண்டு படியிறங்கினார்களோ. எனக்கு இருப்பது பத்திரிகையில் இந்தப் பக்கம் ஒன்றுதான். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று நான் அந்த வளைவில் ஒட்டிக்கொண்டு நின்ற நேரத்தில் படியேறி வந்த அத்தனை பேருக்கும் —

வாங்க. வாங்க, வாங்க.

பனியனோடுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். கை தாராளமாக எழுகிறது.