குசினியில் ஒரு நட்சத்திரம்

அந்த வருசம் வெள்ளவத்தையில் தினமும் பின்னேரம் கரண்ட் போகும். அக்காவுக்குப் பெரிய சோதனை வந்துகொண்டிருந்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் சத்தம் போட்டுப் படிப்பாள். எனக்கு ஏழு வயது. பக்கத்தில் இருந்து கேட்பேன்.

வானத்தில் வாயுவும் தூசியும் மேகம் போலக் கிடக்குமாம். தன் பாரத்தாலேயே அது உள்ளுக்கு விழுந்து இறுகுமாம். நடுவில் சூடேறி ஏறி, ஒரு நாள் நட்சத்திரம் பிறக்குமாம்.

"எவ்வளவு நேரம் செல்லும் அக்கா?"

"லட்சக்கணக்கான வருசம். அலுப்புக் குடுக்காமப் போடி."

வானம் பெரியது. எங்கள் குசினி சின்னது. ஒரு பின்னேரம் போதும் என்று நினைத்தேன். ஒன்று பிறந்துவிட்டால் அக்காவுக்கு மெழுகுதிரி தேவையில்லை.

அடுத்த நாள் அம்மா கடைக்கும் அக்கா டியூஷனுக்கும் போன பிறகு ஜன்னல்களை அடைத்தேன். திரைச்சீலைகளை இழுத்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில் கூட்டிய தூசியைக் குசினிக்குள் வீசினேன். காஸ் அடுப்பைப் பற்றவைக்காமல் திருகிவிட்டேன். கதவோரம் குந்தியிருந்து பார்த்தேன். மணத்தது. தலை சுற்றியது. எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது என்று இருந்தேன்.

அப்பா அன்று வேளைக்கே வந்துவிட்டார். வீடு இருட்டு. உள்ளே வந்ததும் பழக்கத்தில் கை ஸ்விட்சுக்குப் போனது. டிக். வெளிச்சம் வரவில்லை. கரண்ட் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

பிறகுதான் அவருக்கு மணம் பிடித்தது.

கத்தவில்லை. சிலிண்டரை மூடினார். ஜன்னல்களைத் திறந்தார். என்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கீழிருந்து பக்கத்து வீட்டு அங்கிள் மெழுகுதிரியோடு ஏறி வந்தார்.

"ஊதுங்கோ! அதை ஊதுங்கோ!"

அங்கிள் ஊதினார். "என்ன அண்ணை, எனக்குப் பிறந்தநாளோ?"

"காஸ்" என்றார் அப்பா. அங்கிள் அதற்குப் பிறகு பகிடி விடவில்லை.

கீழே மதிலோரம் இருந்தோம்.

"என்ன பிள்ளை செய்தனி?"

"நட்சத்திரம்."

அப்பா அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அரை மணி நேரத்தில் கரண்ட் வந்தது. வழக்கம்போல எல்லா மாடிகளிலும் ஓவென்று கூச்சல். மூன்றாம் மாடியில் எங்கள் லைட்டும் எரிந்தது. அப்பா அழுத்திய ஸ்விட்ச் அப்படியே கிடந்திருக்கிறது. அந்த வெளிச்சத்தை அண்ணாந்து பார்த்தவர், முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தார். தோள் குலுங்கியது.

நட்சத்திரம் பிறக்கவில்லையென்று அவருக்கும் கவலையாக்கும். முதுகைத் தடவிவிட்டேன்.

"நாளைக்கு ஜன்னலைத் திறக்காம இருந்தாச் சரியா வரும் அப்பா" என்றேன்.