சகலை வீட்டு மரப்பெட்டி

பைண்டருக்குத் தன் சகலையிடம் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். அந்த மனிதர் எதில் கை வைத்தாலும் அது ஒழுங்காக அமைந்துவிடும்.

பைண்டர் முப்பது வருஷமாக ஓர் அச்சகத்தின் பின்னறையில் உட்கார்ந்து புத்தகம் தைக்கிறவர். ஊசி பிடித்துப் பழகிய கை நடுங்காது. அந்தக் கையை நம்பித்தான் நாற்பது வயதுக்கு மேல் துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்தார். குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, கோலால் இடித்து இறக்கிச் சுடுகிற பழைய ரகத் துப்பாக்கி. சீக்கிரமே அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் வந்தது. பெயர் வந்த சூட்டில், மனைவியின் அக்கா வீட்டுக்காரரிடம், "நீங்களும் ஒரு நாள் வந்து பாருங்கண்ணே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அந்த ஒரு பேச்சுக்காக ஏழு வருஷமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறார். சகலை தச்சர். வந்த இரண்டாம் வருஷமே இரண்டு புள்ளி வித்தியாசத்தில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இந்த வருஷம் வேறொரு தலைவலி வந்தது. எல்லோருடைய மருந்தையும் வைத்திருந்த கழகத்து அறையை மாதக் கடைசியில் காலி செய்கிறார்கள். இனி அவரவர் மருந்து அவரவர் வீட்டில். அதற்கு லைசென்ஸ் வேண்டும். அதிகாரி வீட்டுக்கே வந்து, எதில் வைக்கப் போகிறீர்கள், எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். லைசென்ஸ் இல்லையென்றால் மருந்து இல்லை. மருந்து இல்லையென்றால் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய்.

முதலில் சகலை வீட்டுக்குத்தான் அதிகாரி போனார். அன்று சாயங்காலமே அக்காவின் போன்.

"ஆபீசரம்மா உங்கத்தான் செஞ்ச மரப்பெட்டியப் பாத்து அசந்துட்டாங்கடி! போட்டோ எடுத்துக்கிட்டாங்க. மத்தவங்களுக்குக் காட்டணுமாம்!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பைண்டருக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நாலு பேர் கூடியிருந்த இடத்தில் சகலை கேட்டார்: "தம்பிக்கும் ஒண்ணு செஞ்சு குடுத்துரவா?"

"வேணாண்ணே. நான் வேற ஏற்பாடு பண்ணிட்டேன்."

ஒரு ஏற்பாடும் பண்ணியிருக்கவில்லை. மறுநாள்தான் தேடிப் போனார். மூடப்போகிற நகைக்கடை ஒன்றில் ஓர் இரும்புப் பெட்டகம் கிடைத்தது. தூக்கிவர நாலு ஆள். மாடி ஏறவில்லை என்பதால் மாடிப்படிக்குக் கீழேயே இறக்கினார்கள். மரம் தீப்பிடிக்கும், இரும்பு பிடிக்குமா? மரப்பெட்டியில் போய் எவனாவது வெடிமருந்தை வைப்பானா? யோசிக்க யோசிக்க பைண்டருக்குக் குளுகுளுவென்று இருந்தது. சகலையைக் குடும்பத்தோடு வரவழைத்துக் காட்டினார்.

சகலை குனிந்து பார்த்தார். "இரும்பா... தம்பி, இதுல..."

"ஆறு அங்குலக் கதவுண்ணே," என்று பைண்டர் முந்திக்கொண்டார். "உங்க மரத்த மாதிரி பத்து பங்கு கெட்டி."

சகலை நிமிர்ந்துகொண்டார்.

அவர்கள் போனதும் மனைவி, "அத்தான் ஏதோ சொல்ல வந்தாரு. நீங்க விடல," என்றாள்.

"சொல்ல என்ன இருக்கு? வயித்தெரிச்சல்."

அதிகாரி அம்மாள் கையில் அளவு நாடாவோடு வந்தார். பெட்டகத்தைப் பார்த்துவிட்டு நாடாவைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மருந்த இதுலயா வைக்கப் போறீங்க?"

"ஆமா மேடம். என்ன ஆனாலும் ஒடையாது."

"அதான் சார் ஆபத்து. மரப்பெட்டின்னா, உள்ள தீப்பிடிச்சாலும் மூடி விட்டுக்குடுத்துரும். எரிஞ்சு வெளிய வந்துரும். இதுக்குள்ள அடைச்சு வெச்சா இந்தப் பெட்டியே குண்டு. அதுவும் படிக்குக் கீழ! மாடியில இருக்கறவங்க எந்த வழியா ஓடுவாங்க?"

கெட்டியான மரம், மருந்துப் புட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி அறை, உள்பக்கம் இரும்பு தலைகாட்டக் கூடாது, அடுப்புக்கும் வெளியேறும் வழிக்கும் தள்ளி, ஈரமில்லாத இடம். பத்து நாள் தவணை. சொல்லி முடித்து, போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். "இந்த மாதிரி செய்யச் சொல்லுங்க. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க."

பித்தளைத் திருகு, தேய்த்த மூடி, ஆறு அறை. யார் வீட்டுப் பெட்டி என்று பைண்டர் கேட்கவில்லை.

"போய் அத்தானக் கேளுங்க. ஒரே நாள்ல அடிச்சுக் குடுத்துருவாரு," என்றாள் மனைவி.

"உசுரே போனாலும் கேக்க மாட்டேன்."

"உசுரு போகாது. லைசென்ஸ்தான் போகும்."

பைண்டர் பலகை வாங்கி வந்தார். அறுத்தார். ஒரு மூலை சேர்ந்தால் எதிர் மூலை வாய் பிளந்தது. இரண்டு பலகை பாழ். ஆறாம் நாள் முடிவில் நின்ற பெட்டி, ஒரு பக்கம் தோள் சாய்த்த ஆள் போல இருந்தது. திருகைத் தன் கையால் நேராக இறக்க முடியாது என்று தெரிந்ததால் மரமுளையும் பசையும்தான். சந்துகளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து அச்சகத்துக்குப் போனார்.

திரும்பும்போது கையில் அட்டையும், பைண்டிங் துணியும், மெல்லிய தோலும். உள்சுவர், அறைத் தடுப்பு முழுக்க அட்டை பதித்து, அதன் மேல் சுருக்கம் விழாமல் துணி ஒட்டினார். புத்தக முதுகுக்குப் பிடிப்பது போல மூடியின் விளிம்பில் தோல் பிடித்தார். சந்துகள் மறைந்தன. மனைவி பின்னறை அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து கொடுத்தாள். முனகிக்கொண்டுதான்.

பத்தாம் நாள் அதிகாரி அம்மாள் பெட்டியைத் தட்டினார், அளந்தார், மூடியைத் தூக்கிப் போட்டுப் பார்த்தார்.

"வெளிய கொஞ்சம் கோணல்."

பைண்டர் கோணல் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பப் பார்த்தார்.

"அதுக்கு ரூல் கிடையாது," என்று அம்மாள் கையெழுத்துப் போட்டார். படம் எடுக்கவில்லை. அது பைண்டருக்கு ஒரு முள்தான்.

ஞாயிற்றுக்கிழமை சகலை அக்காவோடு வந்தார். கோணலைப் பார்த்தார்; சிரிப்பை மீசைக்குள் அடக்கினார். மூடியைத் திறந்து கையை எடுத்தார். அது சத்தமே இல்லாமல் இறங்கி உட்கார்ந்தது. மறுபடி திறந்தார். மறுபடி இறங்கியது. மூன்றாம் தடவை உள்ளே விரல் விட்டுத் துணியைத் தடவினார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"என்னுது டக்குனு அடிக்குது," என்றார். "உள்ள புட்டி வேற ஆடுது. இது என்ன பசை?"

"அது எங்க தொழில்ல இருக்கறதுண்ணே."

"சும்மா சொல்லேன் தம்பி."

கண்ணுக்குக் கீழே லேசாக இழுத்துக்கொண்ட அந்த முகத்தைப் பைண்டருக்கு நன்றாகத் தெரியும். ஏழு வருஷமாகத் தினமும் சவரக் கண்ணாடியில் பார்த்து வருவது. இன்னொருவர் கழுத்துக்கு மேல் அதை இப்போதுதான் பார்க்கிறார். அக்கா, தங்கை இருவரும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னார்:

"அண்ணனுக்கும் உள்ள ஒட்டிக் குடுத்துரவா?"

"வேணாம், வேணாம்," என்றார் சகலை அவசரமாக. "நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்."