மக்கு என்று பேர் வாங்கியவள்

எல்லைத் தகராறு தீர்ந்து, சத்தியவேடு பக்கத்திலிருந்த எங்கள் ஊர் ஆந்திராவோடுதான் என்று முடிவான வருஷம், பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியார் வந்தார். லீவு முடிந்து போனால் பாடமெல்லாம் தெலுங்கில். பெரிய மனிதர்கள் வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டார்கள். அடி வாங்கியது மூன்றாம் வகுப்பு.

என் தங்கை அந்த வகுப்பில் இருந்தாள். முந்தின வருஷம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பித்தவள். வாத்தியார் கேட்பது அவளுக்குப் புரியும். பதில் தமிழில் வந்துவிடும். வந்தால் பிரம்பு. ஆறு மாதத்தில், பேரைச் சொன்னாலே எழுந்து கையை நீட்டப் பழகிவிட்டாள். வீட்டில் அம்மா கூப்பிட்டாலும் கைதான் முதலில் நீளும். இதைத்தான் அந்த மகானுபாவர் மந்தபுத்தி என்று கண்டுபிடித்தார்.

ஒரே அறைதான் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பில் நான். அவர் அவளை மக்கு என்றதும் முதல் ஆளாகச் சிரிப்பேன். சிரிக்கிற பையனை அவர் கேள்வி கேட்பதில்லை. என் படிப்பு அப்படி முன்னேறியது, வெட்கங்கெட்ட படிப்பு.

ஒருநாள் வாத்தியார் எங்கள் நைனாவை வரச்சொல்லி, கூலிக்காரர் வீட்டு ரத்தம், இதற்குமேல் ஏறாது என்றார். அவளிடம் தமிழில் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்ததில்லை, ரத்தம் மட்டும் தெரிந்துவிட்டது. நைனா கைகட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“சாரே சொல்லிட்டாரு. இன்னும் போய்க்கினு இருந்தா அடிதான் துன்னணும்” என்றார்.

தங்கை சிலேட்டைக் கட்டிக்கொண்டு, போகிறேன் போகிறேன் என்று அழுதாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திருப்பதி ரயிலடியில் கொய்யாப்பழம் விற்ற அத்தையிடம் அனுப்பிவிட்டார்கள்.

அங்கே தப்பாகப் பேசினால் யாரும் அடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே பழம் வாங்கினார்கள். நாலைந்து வருஷத்தில் தெலுங்கும் கன்னடமும் தண்ணீர் பட்ட பாடு, இந்தியும் கொஞ்சம்.

ஒருமுறை அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அந்த வாத்தியார் தன் மனைவியோடு ரயிலிறங்கி, அவள் பழக்கூடைக்கு முன்னால் நின்றார். எங்கள் இருவரையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் அந்த அம்மாளிடம் தெலுங்கிலும், பக்கத்திலிருந்த மைசூர்க்காரர்களிடம் கன்னடத்திலும் மாறிமாறிப் பேசியதைக் கேட்டு அசந்துபோனார். இத்தனை சூட்டிகையான பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்பாத தகப்பன் மனிதனா என்று கேட்டார்.

“அனுப்பினாரு சார். உங்ககிட்டதான் மூணாங்கிளாஸ் படிச்சேன்” என்று தெலுங்கிலேயே சொன்னாள்.

அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“இருக்காதும்மா. நல்லா படிக்கிற பிள்ளைங்களை நான் மறக்கமாட்டேன்.”